அடையாளி இல்லாத மின்வேதி உணரியும் உண்ணிக் காய்ச்சலும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் வட தமிழக மாவட்டங்களில் காய்ச்சலுக்கு முக்கியமான ஒரு காரணம் உண்ணிக் காய்ச்சல். ஸ்கிரப் டைபஸ் என்று மருத்துவர்கள் எழுதுவது இதைத்தான். புதரிலும் புல்வரப்பிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலுக்குள் புகுகிறது. கடிவாயில் கருத்த பொருக்கு ஒன்று தோன்றலாம். அது வலிக்காது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருந்தால் நோயாளியே கவனிப்பதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என மருந்துகள் மலிவாகவே கிடைக்கின்றன. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பழுதாகும். ஆக, சிக்கல் மருந்தில் இல்லை, நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மேல்மலையனூர் போன்ற ஊரில் இது இன்னும் கடினம். அமாவாசைதோறும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளியூர்க் கூட்டம் வந்து போகும் இடத்தில், காய்ச்சல்காரர் எங்கே எதைத் தொற்றிக்கொண்டார் என்பதை விசாரித்து அறிவது எளிதா? டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாமே முதல் சில நாள்களில் ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன.

வட்டார மருத்துவமனையிலேயே ஒரு துளி ரத்தத்தில் விடை சொல்லும் கருவியாக, அடையாளி இல்லாத மின்வேதி உயிருணரிகளை ஆய்வுலகம் முன்வைக்கிறது. எலைசா சோதனையில் நோயாளியின் எதிர்ப்பொருளைப் பிடித்த பிறகு, நொதி பூட்டிய இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்த்து, கழுவி, நிறம் எழுவதைப் பார்க்கிறோம். அந்த நொதியே அடையாளி. புதிய உணரியில் இந்த இரண்டாம் கட்டம் கிடையாது. தங்க மின்முனையில் கந்தக முனையுள்ள மூலக்கூறுகள் தாமே அணிவகுத்துப் படலமாகின்றன. அதன்மேல் பாக்டீரியாவின் 56 கிலோடால்டன் மேற்பரப்புப் புரதம் பிணைக்கப்படுகிறது. நோயாளியின் எதிர்ப்பொருள் அதில் வந்து ஒட்டினால், கரைசலிலுள்ள ஃபெர்ரிசயனைடு–ஃபெர்ரோசயனைடு இணை மின்முனையோடு எலக்ட்ரான் பரிமாறுவது தடைபடும். 1947இல் ராண்டில்ஸ் வகுத்த மின்சுற்று மாதிரியைக் கொண்டு அந்தத் தடையின் உயர்வைக் கணக்கிடலாம். கழுவும் படி குறைகிறது, குளிர்பெட்டியில் காக்கவேண்டிய வினைபொருளும் குறைகிறது, நேரமும் மிச்சம்.

இதை நம்பச் சொல்பவர்கள் குளுக்கோமீட்டரைச் சான்றாகக் காட்டுவார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுவாசலிலேயே சர்க்கரை பார்க்கிறார்களே, காய்ச்சலுக்கு மட்டும் ஏன் முடியாது என்பது கேள்வி. கேள்வி நியாயம்தான், ஆனால் ஒப்பீடு பொருந்தாது. 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்மொழிந்த நொதி மின்முனையிலிருந்து இன்றைய பட்டைவரை, சர்க்கரையை நொதி ஓயாமல் வினைப்படுத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வினையும் மின்னோட்டமாகிறது. ரத்தத்தில் சர்க்கரையின் செறிவும் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல். பிணைப்பு உணரிகள் தேடும் பொருள்களில் ஒன்றான, மாரடைப்பைக் காட்டும் டிரோப்போனின் புரதத்தின் எல்லை அளவு இதைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு குறைவு. பிணைப்பை மட்டும் நம்பும் உணரியில் ஒட்டிய மூலக்கூறு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே சமிக்ஞை.

இடத்தை அடைப்பது யார் என்று மின்முனைக்குத் தெரியாது. என் வாதத்தின் மையம் இதுதான். எலைசாவில் இரண்டாவது எதிர்ப்பொருள் வெறும் ஒளிவிளக்காக நிற்பதில்லை. பிடிபட்டது மனித ஐஜிஎம் எதிர்ப்பொருள்தான் என்று இரண்டாவது முறை சரிபார்க்கும் சாட்சியும் அதுவே. கழுவுதல், தவறாக ஒட்டியவற்றைக் களைகிறது. அடையாளியை நீக்கும்போது செலவோடு சேர்த்து அந்தச் சாட்சியையும் நீக்குகிறோம். ஒரு லிட்டர் சீரத்தில் 40 கிராம் அளவுக்கு ஆல்புமின் மிதக்கிறது. அது கொஞ்சம் படிந்தாலும் தடை உயரும். இந்த வகை ஆய்வுகளில் சில, சுத்தமான தாங்கல் கரைசலில் அறிந்த அளவு புரதத்தைக் கலந்து அளந்துவிட்டு மிகக் குறைந்த கண்டறி எல்லையைத் தலைப்பிலேயே போட்டுக்கொள்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. காய்ச்சல்காரரின் ரத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூலக்கூறின் மின்னூட்டத்தையே நேராக உணரும் புலவிளைவு டிரான்சிஸ்டர் வகைக்கு இன்னொரு இடர். ரத்தத்தின் உப்புச் செறிவில் டிபை நீளம், அதாவது மின்னூட்டத்தின் விளைவு எட்டும் தூரம், 1 நானோமீட்டரைக்கூட எட்டாது; எதிர்ப்பொருளின் நீளமோ 10 நானோமீட்டர் அளவு. மூலக்கூறின் பெரும்பகுதி உணரியின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. மாதிரியை நீர்த்துப்போகச் செய்து ஆய்வகத்தில் இதைத் தாண்டலாம். அப்படி நீர்க்கும் வேலையை மருத்துவமனையில் செய்யப்போவது யார் என்பதற்கும் கட்டுரைகள் பதில் சொல்லவேண்டும்.

இத்தனைக்கும் இந்தத் துறையைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் மாநிலம் இது. மின்முனை செய்யும் திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் சோதிக்கும் முறையில். ஒரே பட்டையில் இரண்டு மின்முனைகள் வேண்டும்: ஒன்றில் 56 கிலோடால்டன் புரதம், அடுத்ததில் தொடர்பில்லாத வேறொரு புரதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே விடையாகக் கொள்ளவேண்டும். மே மாத வெக்கையும் ஆல்புமின் படிவும் இரண்டையும் ஏறத்தாழ ஒருபோலப் பாதிப்பதால் கழிக்கும்போது பெரிதும் நீங்கிவிடும். ஒப்பிடும் ரத்தமும் ஆரோக்கியமானவர்களுடையதாக இருக்கக்கூடாது. டெங்குவும் டைபாய்டும் உறுதியானவர்களுடையதாக இருக்கவேண்டும்.

குறிப்பானைத் தேர்வதிலும் பிடிவாதம் கூடாது. ஐஜிஎம் எதிர்ப்பொருள் முதல் வாரத்தின் பிற்பகுதியில்தான் சோதனைக்குத் தெரியுமளவு எழுகிறது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் வரும் விவசாயத் தொழிலாளியிடம், எவ்வளவு நுண்ணிய உணரியானாலும் இல்லாத எதிர்ப்பொருளைக் காட்டமுடியாது. அவருக்குப் பாக்டீரியாவின் மரபணுத் துண்டைத் தேடும் மின்முனையே பொருத்தம். அதன் மாதிரியை ரத்தத்தைவிடப் பொருக்கிலிருந்து எடுப்பது நல்லது. எனவே இத்தகைய உணரியைப் பற்றி இதழுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையிலும், கண்டறி எல்லைக்கு முன்னால், மாதிரி நோயின் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்ற நிரல் இருக்கவேண்டும் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்கவேண்டும்.