காலில் இல்லாத சிலம்பு

கண்ணகியின் சிலம்பு முதன்முதலாக நம் கவனத்துக்கு வருவது அவள் காலில் இல்லாதபோதுதான். கணவன் கோவலன் மாதவியோடு தங்கிவிட்ட அந்திப்பொழுதில் கண்ணகியின் வெறுங்காலை ஒரு வரியில் காட்டிவிட்டுச் சிலப்பதிகாரத்தில் இளங்கோ மேலே போய்விடுகிறார். பிரிந்திருப்பவள் நகை கழற்றி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

பொருளெல்லாம் கரைந்து கோவலன் வீடு திரும்பியபோது, அவள் கொடுக்க மிஞ்சியிருந்தது அந்தச் சோடிதான். அவன் வாசலுக்கு வருமுன்தான் தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்லியிருந்தாள்: அந்நிய நகரம், வீண்பழி, அரசன் முன் வழக்கு, ஊருக்கு வந்த கேடு. முழுக்கதையும் அதில் இருக்கிறது. ஆனாலும் சிலம்பு புகாரிலிருந்து முப்பது காதம் நடந்து மதுரைக்குப் போகிறது.

அங்கே சோடி பிரிகிறது. ஒன்றை மட்டும் விற்க எடுத்துக்கொண்டு கோவலன் புறப்பட, காளையொன்று எதிரே பாய்கிறது. அது தீக்குறி என்பது அவனுக்குத் தெரியாது. கடைவீதியில் நூறு கொல்லர் பின்தொடர, அரண்மனைச் சட்டையோடு வருகிறான் ஒரு பொற்கொல்லன். ஊரிலேயே நம்பத்தக்கவன் போலத் தெரிகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான்; பழியைக் கோவலன்மேல் போடுகிறான்.

என் நெஞ்சைப் பதறவைப்பது அடுத்த காட்சி. கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கள்வனாக இருக்க முடியாது என்று தயங்கி நிற்கிறார்கள். தோற்றம் உண்மையைச் சொன்ன இடம் இது. பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கிப் பேசியே அந்த உண்மையை அழித்துவிடுகிறான். நல்லது கெட்டது அறியாத ஒரு குடிகாரனின் வாள் வீசப்படுகிறது.

வெளியே பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாத சிலம்புகள். அரசியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். கோவலனிடமிருந்து பறித்ததை, நீதி கேட்டு வந்த கண்ணகி பாண்டியன் சபையில் உடைத்தபோது மணி தெறித்து அரசனின் முகத்தில் படுகிறது.

சிலம்பின் பயணம் அதோடு நிற்கவில்லை. சேர மன்னன் வஞ்சியில் பத்தினியான கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு அங்கிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் பத்தினியின் சிலம்பை இங்கே இலங்கைக்குக் கொண்டுவந்ததாகச் சிங்கள நூலான ராஜாவலிய சொல்கிறது. எங்கள் கிழக்குக் கரையில் நிந்தவூரிலிருந்து கல்முனைப் பக்கம் போனால் அடுத்த ஊர் காரைதீவு, அங்கே கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த 1892-ஆம் ஆண்டில்தான் விபுலானந்தர் அந்த ஊரில் பிறந்தார். பிறகு அந்நூலின் அரங்கேற்று காதையை ஆராய்ந்து 1947-இல் ‘யாழ்நூல்’ தந்தார்.

எங்கள் கரையின் கண்ணகி கோயில்களில் வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடுகிறார்கள். கனவும் தெரியும், கள்வனும் தெரியும், பரல் எதுவென்றும் தெரியும். ஆனாலும் சிலம்பு உடையும் இடத்துக்காகச் சனம் விழித்திருக்கிறது. மதுரையை எரித்தவளின் சினம் ஆற, சடங்கின் நிறைவில் குளிர்த்திப் பாட்டும் உண்டு.