சவேரியார் என்னும் பெயர்

சவேரியார், சவரிமுத்து என்பன கொச்சை என்றும், 'சேவியர்' என்பதே செம்மை என்றும் கருதுவோர் உளர். வரலாறு அதற்கு இசையவில்லை.

1506ஆம் ஆண்டு நவாராவில் பிறந்த பிரான்சிஸ், தாம் பிறந்த கோட்டையின் பெயரால் அறியப்பட்டார். அப்பெயர், 'புதுவீடு' எனப் பொருள்படும் பாஸ்கு மொழிச் சொல்லினின்று தோன்றியது. அக்காலத்து ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் அதன் முதலெழுத்தை ஷகரமாகவே ஒலித்தனர். 1542இல் அவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வந்தார். ஷகரம் இல்லாத தமிழில் அவ்வொலி சகரமாயிற்று. ஸ்பானியர் நாவிலோ அது பின்னர்த் திரிந்து 'ஹவியேர்' ஆனது. வீராம்பட்டினம் உள்ளிட்ட புதுவைப் பகுதியை 1954 வரை ஆண்ட பிரெஞ்சியர் 'க்சவியே' என்பர். 'சேவியர்' ஆங்கிலவழி வந்தது.

ஆகவே, பழைய ஒலிக்கு அண்மையில் நிற்பது நம் கடற்கரை மக்களின் வழக்கே. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் சொல்லும் பெயரைத் திருத்த முற்படும் போதகர் இதனை நினைவிற்கொள்வாராக.