பிறர் எழுத்தில் வாழும் நடிகை: மொன்றியலின் மியூரியல் கில்போ

மாதவியின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் மாதவி யார் என எம்மவர் ஒருவரைக் கேட்டால், கோவலன் கண்ணகியைப் பிரிந்து சென்று சேர்ந்த பெண் என்பதே முதலில் வரும் விடையாகும். இளங்கோவடிகளோ அவ்வாறு தொடங்கவில்லை. ஐந்து வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டு வயதிற் சோழ மன்னன் முன் அரங்கேறி, தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியான மாலையும் பெற்ற கலைஞராகவே அவளை அரங்கேற்று காதையில் எமக்கு அறிமுகஞ் செய்கிறார். காப்பியம் விரிவாகச் சொன்ன அந்தக் கல்வியையும் உழைப்பையும் மறந்து, ஆடவன் ஒருவனோடு அவளுக்கிருந்த தொடர்பை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

நாம் வந்து குடியேறியுள்ள இந்த மொன்றியல் மாநகரிலும் அத்தகைய கதியை அடைந்த ஒரு கலைஞர் வாழ்ந்தார். அவர் பெயர் மியூரியல் கில்போ. 1922இற் பிறந்து 1952இல் மறைந்த நாடக, வானொலி நடிகை. கவிஞரையும் ஓவியரையும் படைக்கத் தூண்டும் பெண்ணைப் பிரெஞ்சுக்காரர் 'மியூஸ்' என்பர். குளோட் கோவ்றோ என்ற பெருங் கவிஞரின் மியூஸ் என்றே கியூபெக் இலக்கிய வரலாறு நெடுங்காலம் கில்போவைக் குறித்து வந்தது. அவர் தம் பெயரிலும் தம் தொழிலிலும் என்ன செய்தார் என்பதை இங்கு எடுத்துக் கூற விழைகின்றோம்.

அன்றைய கியூபெக்

இன்று நாம் காணும் கியூபெக்கைக் கொண்டு அன்றைய கியூபெக்கை மதிப்பிடலாகாது. 1944 முதல் 1959 வரை மொறிஸ் டுப்பிளெசி தொடர்ந்து மாகாண முதல்வராக ஆட்சி புரிந்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடும்ப வாழ்வு ஆகிய அனைத்திலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கை ஓங்கியிருந்தது. பிற்காலத்தார் அக்காலத்தைப் 'பேரிருள்' எனப் பெயரிட்டழைத்தனர். மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கியூபெக் பெண்களுக்கு 1940இலேயே கிடைத்தது. எமது இலங்கைத் தீவிற் பெண்கள் அவ்வுரிமையை 1931இற் பெற்றுவிட்டனர் என்பது ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தன் கருமங்களைத் தானே ஆற்றும் தகுதி 1964 வரை இங்கு வழங்கப்படவில்லை.

இச்சூழலில் ஒரு பெண் நடிப்பைத் தொழிலாகக் கொள்வதே துணிவுக்குரிய செயலாகும். கில்போ அதனைச் செய்தார். வானொலி நாடகங்களும் மேடையும் அவரை மக்கள் அறிந்த நடிகையாக்கின.

இரு மேடைகள்

1940களின் நடுப்பகுதியில், போல் எமில் போர்துவா என்ற ஓவிய ஆசிரியரைச் சூழ்ந்து ஓர் இளைஞர் கூட்டம் உருவாயிற்று. முன்கூட்டித் திட்டமிடாது உள்மனத்தின் உந்துதலுக்கே கையை ஒப்படைத்துப் படைக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 'தன்னியக்கத்தார்' என்ற பொருள்படும் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். ஓவியர்களே மிகுந்திருந்த அக்கூட்டத்தின் கவிஞர் குளோட் கோவ்றோ. 1925இற் பிறந்த அவர் கில்போவிலும் மூன்று வயது இளையவர்.

1947 மே 20ஆம் திகதி, கோவ்றோ எழுதிய 'பியென் எத்ர்' என்னும் குறுநாடகம் மொன்றியலில் மேடையேறிற்று. 'நலவாழ்வு' என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். மேடையில் ஆணாக கோவ்றோவும் பெண்ணாகக் கில்போவும் தோன்றினர். வழக்கமான கதைப்போக்கும் வழக்கமான உரையாடலும் இல்லாத அந்நாடகத்தைக் கண்ட அவையோர் கேலியாகச் சிரித்தனர். கோவ்றோவுக்கு அப்போது வயது 21. இழப்பதற்குப் பெயரும் புகழும் அவருக்கு இருக்கவில்லை. கில்போவோ தம் நடிப்பினால் வாழ்ந்த ஒருவர். கேலிக்குள்ளாகக்கூடிய புதுமுயற்சிக்குத் தம் குரலையும் உடலையும் ஈந்தவர் அவரே. புதிதாக எழுதப்பட்ட ஒரு மொழியை முதன்முதலாக மேடையிற் பேசிக் காட்டுவது எழுதுவதற்கு எவ்வகையிலும் குறைந்த படைப்பன்று என்பதே எமது எண்ணம்.

ஓராண்டு கழிந்தது. 1948 மே 22ஆம் திகதி, சென் லோறன் வீதியில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் மொனுமென் நஸியோனால் அரங்கில், கிறசியன் ஜெலினா எழுதிய 'தி கொக்' நாடகம் முதன்முறையாக மேடையேறிற்று. தகப்பன் பெயர் தெரியாது அநாதையாய் வளர்ந்த ஒரு போர்வீரன், தன் தோழனின் தங்கை மரி ஆன்ஜை விரும்புகிறான். தனக்கென ஒரு குடும்பம் அமையும் என்ற கனவோடு போர்முனை செல்கிறான். அவன் மீண்டு வருமுன் அவளுக்கு வேறொருவருடன் மணம் நடந்துவிடுகிறது. மணமுறிவை ஏற்காத திருச்சபையின் சட்டமும், பிறக்கவிருக்கும் பிள்ளையும் தன்னைப் போலப் பெயரற்றதாகிவிடுமே என்ற அச்சமும் இருவரையும் பிரித்துவிடுகின்றன. போர் பிரித்த குடும்பங்களின் கதையை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்நாடகம் இருநூறுக்கும் மேற்பட்ட தடவைகள் மேடையேறிற்று. கியூபெக் மக்கள் தமது சொந்தப் பேச்சுமொழியை, தமது சொந்த வாழ்வை, மேடையிற் கண்டு கண்ணீர் சிந்திய முதல் நாடகங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அதில் மரி ஆன்ஜாக நடித்து மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர் மியூரியல் கில்போ. கேலிக்குள்ளான புதுமை நாடகத்திலும், நாடே கொண்டாடிய மக்கள் நாடகத்திலும் கதைத் தலைவி ஒருவரே.

ஒரு கையொப்பம்

'தி கொக்' மேடையேறி மூன்று மாதங்கள் நிறைவுறுமுன், 1948 ஆகஸ்ட் 9ஆம் திகதி, திறாங்கில் என்பவரின் புத்தகக்கடையில் ஓர் அறிக்கைத் தொகுப்பு வெளியிடப்பட்டது. 'முழு மறுப்பு' என்பது அதன் பெயரின் பொருள். அச்சிட்ட பிரதிகள் 400 மட்டுமே. திருச்சபையின் ஆதிக்கத்தையும், அச்சத்தில் ஊறிய வாழ்வையும், பழைமையே கதியென்ற மனப்பாங்கையும் அது வெளிப்படையாகச் சாடிற்று. முதன்மைக் கட்டுரையை எழுதியவர் போர்துவா. அவருடன் பதினைந்து பேர் கையொப்பமிட்டனர். பதினாறு பேரில் எழுவர் பெண்கள். வாக்குரிமை கிடைத்து எட்டே ஆண்டுகள் கழிந்திருந்த ஒரு சமூகத்தில் இது வியப்புக்குரிய விகிதமாகும்.

அகரவரிசையில் அமைந்த அப்பெயர்ப் பட்டியலில் குளோட் கோவ்றோ, அவர் தமையனான ஓவியர் பியேர் கோவ்றோ ஆகியோரை அடுத்து வருவது மியூரியல் கில்போவின் பெயர். கோவ்றோவின் பெயரோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் அவர், இவ்விடத்தில் தம் பெயரைத் தாமே இட்டு நிற்கிறார்.

அக்கையொப்பத்தின் விலையையும் அறிதல் வேண்டும். பத்திரிகைகளிற் கண்டனங்கள் குவிந்தன. போர்துவா தாம் 1937 முதல் கற்பித்து வந்த அரசுக் கல்லூரிப் பணியிலிருந்து 1948 செப்டெம்பரில் இடைநிறுத்தப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டார். 1953இல் நியூயோர்க் சென்ற அவர், 1955இற் பாரிஸ் சேர்ந்து, 1960இல் அங்கேயே மறைந்தார். எழுதியதன் பொருட்டுத் தொழிலும் ஊரும் இழந்து அந்நிய மண்ணிற் கண்மூடியோர் வரலாறு எமக்குப் புதிதன்று. கையொப்பமிட்ட ஏனையோருட் பலர் ஊரறியாத இளைஞராயிருக்க, ஊரறிந்த நடிகையான கில்போ மக்களின் நல்லெண்ணத்தை நம்பியே வாழ்ந்தவர் என்பதை மறத்தலாகாது.

மறைவும் அதன் பின்னரும்

1952 ஜனவரியில் மியூரியல் கில்போ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பதை அண்டிய வயது.

கோவ்றோ அவர்மீது கொண்டிருந்த காதல் ஆழமானது. அவ்விழப்பு அவரை நிலைகுலையச் செய்தது. அதே 1952இல் கில்போவை மனத்திற்கொண்டு 'போத்தே பறோக்' என்ற நாவலை எழுதினார். பின்னாளிற் பல தடவைகள் மனநல மருத்துவமனையில் வாழ நேர்ந்தது. 1971 ஜூலையில் அவரும் மறைந்தார். அந்நாவல் 1977இல், அவரது முழுப் படைப்புகளும் தொகுக்கப்பட்டபோதுதான் அச்சேறிற்று. அதற்குள் கோவ்றோ கியூபெக் இலக்கியத்தின் பெருங் கவிஞராக ஏற்கப்பட்டுவிட்டார். அவரது புகழ் வளர வளர, கில்போவின் பெயரும் அவரது காதலின் பெயராகவே பரவிற்று.

இதற்குக் கோவ்றோவைக் குறைகூறுதல் நேர்மையாகாது. அவர் எழுதியிராவிடின் கில்போவின் பெயரே பலருக்குத் தெரியாது போயிருக்கும். எனினும், ஒரு கலைஞரை அறிய மற்றொரு கலைஞரின் துயரத்தை மட்டும் நாம் நம்பியிருக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது.

அக்கேள்விக்கு விடை அவர்தம் கலையின் இயல்பில் இருக்கின்றது. நாம் நாள்தோறும் பயணஞ் செய்யும் மெற்றோவில் ஷான் து மார்ஸ் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். அங்கு ஒளிரும் வண்ணக் கண்ணாடிச் சுவரை 1968இற் படைத்தவர், அதே அறிக்கையிற் கையொப்பமிட்ட மார்செல் ஃபெறோன் என்ற பெண்மணி. பீல் நிலையத்தின் வண்ண வட்டங்கள் கையொப்பமிட்ட மற்றொருவரான மூஸோவின் கைவண்ணம். ஓவியரின் படைப்பு அவர் மறைந்த பின்னும் நிற்கும். நடிகையின் படைப்போ திரை விழுந்ததும் மறைந்துவிடும்.

நடனக் கலைஞர் பிரான்சுவாஸ் சலிவனும் அந்த எழுவருள் ஒருவர். 1948இற் பனிவெளியில் அவர் ஆடிய நடனம் படச்சுருளிற் பதிவாகியும் அச்சுருள் தொலைந்துபோயிற்று. நண்பர் மொறிஸ் பெறோன் அன்று எடுத்த புகைப்படங்கள் எஞ்சியதால், அந்நடனம் இன்று கனேடியக் கலை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கில்போவுக்கு அந்தப் பேறும் முழுமையாக வாய்க்கவில்லை. 'தி கொக்' 1953இல் திரைப்படமாக வெளிவந்தபோது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. மரி ஆன்ஜாகத் திரையிற் தோன்றியவர் மோனிக் மில்லர். இன்று அப்படத்தைக் காண்போர், அப்பாத்திரத்துக்கு முதன்முதல் உயிரூட்டியவரை அதிற் காண இயலாது.

1998இல், அறிக்கையின் ஐம்பதாவது ஆண்டில், பற்றீசியா ஸ்மார்ட் என்னும் ஆய்வாளர் கையொப்பமிட்ட எழு பெண்களையும் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். அப்பெண்கள் தமக்கெனச் செய்தவற்றைத் தேடித் தொகுக்கும் பணி அவ்வாறு வலுப்பெற்றது. மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த ஒருவரின் குரலைத் தேடுவது எத்துணைக் கடினமென்பதைக் கூறத் தேவையில்லை.

எமக்கான பாடம்

நிற்க. இது கியூபெக்காரரின் வரலாறு மட்டுமன்று. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது எழுத்திலிருந்தவற்றையே இழந்த இனம் நாம். எழுத்தில் இல்லாத குரலும் நடிப்பும் எவ்வளவு போயின என்பதற்குக் கணக்கே இல்லை. ஊரில் வானொலி நாடகத்திற் குரல் கொடுத்த பெண்கள், பள்ளி மேடைகளிற் பாடியும் ஆடியும் பலரைப் பயிற்றுவித்த ஆசிரியைகள், இடம்பெயர்ந்த பின்னும் கோவில் மண்டபங்களிலும் வாடகைக் கூடங்களிலும் நாடகம் போட்டவர்கள் எம்மிடையே முதுமையடைந்து வருகின்றனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே அவர்களை அறிமுகஞ் செய்வது எமது வழக்கமாகிவிட்டது. அவர்கள் நடித்த நாடகத்தின் பெயரை அவர்தம் பிள்ளைகளே அறியாதிருப்பதைக் காண்கிறோம்.

ஆதலால் எமது வாசகக் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டிலும் அயலிலும் அத்தகையோர் இருப்பின், அவர்களிடம் கேளுங்கள். எந்த நாடகம், எந்த மேடை, எந்த ஆண்டு, என்ன பாத்திரம், உடன் நடித்தவர் யாவர் என ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இயலுமாயின் அவர்கள் ஒரு வசனத்தையோ பாட்டையோ சொல்லும்போது ஒலிப்பதிவு செய்யுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்திற் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். அவர்கள் எம்மோடு இருக்கும் இக்காலத்திலேயே இதனைச் செய்து முடிப்போமாக.