லைனிங் வைக்கணுமா?

ஜாக்கெட் துணியைக் கொடுத்ததுமே டெய்லர் கேட்பார்: 'லைனிங் வைக்கணுமாம்மா?' துணி மெல்லிசா, வெயிலுக்குத் தாங்குமா என்று யோசித்து நீங்களே முடிவு சொல்வீர்கள். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் அந்த முடிவை அரண்மனை எடுத்தது!

இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மேல்சாதியார் எதிரே நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். 1814-ல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் 'குப்பாயம்' போடலாம் என்று உத்தரவிட்டார். சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அன்று அணிந்த தளர்வான சட்டை அது. இவர்களோ அதற்குமேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டார்கள். அது நாயர் பெண்களின் உடையாச்சே... விடுவார்களா? சந்தைக்கு வந்த பெண்களின் துணியைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1829-ல் வந்த அரச ஆணை, 'குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது' என்றது.

கவனித்தீர்களா? மறைப்பதில் அவர்களுக்குப் பிரச்னை இல்லை. பார்த்ததும் சாதி தெரியணும், அவ்வளவுதான்.

1858 கடைசியில் மறுபடி கலவரம். சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கியதும், மகாராஜா உத்திரம் திருநாள் 1859 ஜூலை 26-ல் இறங்கி வந்தார். நாடார் பெண்கள் எல்லோரும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால், முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியில்! மேல்சாதிப் பாணி மட்டும் ஆகாது. என்ன ஒரு தாராளம்!

இத்தனைக்கும், 1820-களிலேயே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் லேஸ் பள்ளி தொடங்கியிருந்தார். அங்கே இந்தப் பெண்கள் பின்னிய மெல்லிய லேஸை, ஐரோப்பியச் சீமாட்டிகள் காசு கொடுத்து வாங்கி உடுத்திக்கொண்டிருந்தார்கள்.