காசு கிடந்த வரிசை

2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், ஒரு மாத இடைவெளியில், மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் அலைகிற இரண்டு பேருக்கு இரண்டு ரோமானியப் பொருட்கள் கிடைத்தன. ஒன்று பானை நிறையக் காசு. மற்றது ஒரு குதிரைப்படை வீரனின் தலைக்கவசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தால்தான் பழம்பொருள் சேகரிப்பில் எது சேர்கிறது, எது தொலைகிறது என்பது தெரியவருகிறது.

பானை கிடைத்தது ஏப்ரலில், ஸாமர்செட் பகுதியில் ஃப்ரோம் என்ற ஊருக்கருகே. கண்டவர் டேவ் கிரிஸ்ப், ஆஸ்பத்திரியில் சமையல்காரர். கொஞ்சம் தோண்டியதும் பானையின் மேற்பகுதியும் சில சிறு காசுகளும் தெரிந்தன. அதற்கு மேல் அவர் தோண்டவில்லை. மண்ணைத் திரும்ப மூடிவிட்டு உரியவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் செய்த பெரிய காரியம் இதுதான். ஆலன் கிரஹாம் என்ற அகழ்வாய்வாளர் வந்து, மூன்று நாட்கள் அடுக்கடுக்காக, எந்த அடுக்கில் எந்தக் காசு என்று பிரித்தே எடுத்தார். ஒன்றரை அடி உயரப் பானை. காசுகள் 52,503. எடை 160 கிலோ.

நான் பாங்கில் வேலை பார்க்கிறவன். இத்தனை காசு ஒரே பானையில் என்றால் சேமிப்புக் கணக்கு என்றுதான் எங்கள் புத்தி போகும். வருஷா வருஷம் போட்டுவந்த பணமானால் பழையது அடியிலும் புதியது மேலேயும் இருக்கவேண்டும். ஃப்ரோமில் அப்படி இருக்கவில்லை. காசுகளில் காலத்தால் பிந்தியவை காரௌஸியஸ் என்பவனுடையவை. கி.பி. 286இலிருந்து 293 வரை பிரிட்டனைத் தனியரசாகப் பிடித்து ஆண்ட கப்பற்படைத் தளபதி. அவன் காசுகளில் பெரும்பாலானவை பானையின் பாதிக்குக் கீழே ஒரே அடுக்கில் கிடந்தன. பழைய காசுகள் அவற்றின் மேல். ஆக, எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை. நிறைந்த பானையை உடையாமல் தூக்க முடியாது. முதலில் குழியில் பானையை இறக்கி, அப்புறம்தான் நிரப்பியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கிற உத்தேசம் இருந்தவர்கள் செய்கிற வேலையல்ல இது. தெய்வத்துக்குப் பலர் சேர்ந்து செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்று இக்காசுகளை ஆராய்ந்த ரோஜர் பிளாண்டும் ஸாம் மூர்ஹெட்டும் கருதினார்கள். இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் விவாதிக்க ஒரு விஷயம் இருப்பதே ஒரு சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டதால்தான்.

காரௌஸியஸைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அவனுடைய வெள்ளிக்காசுகளில் ஆர்.எஸ்.ஆர். என்று மூன்று எழுத்துகள் காணப்படுகின்றன. பொக்கிஷ அதிகாரி ஒருவரின் பதவிப் பெயர்ச் சுருக்கம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பிரிட்டிஷ் மியூஸியத்தில் அவனுடைய பதக்கங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் அதே மூன்று எழுத்துகள், மற்றதில் ஐ.என்.பி.சி.டி.ஏ. 1998இல் கை டி லா பெடோயெர் இரண்டையும் சேர்த்துப் படித்தார். வர்ஜிலின் நான்காவது எக்லாக்கில், பொற்காலம் திரும்பிவருவதைச் சொல்லும் இடத்தில், அடுத்தடுத்து வரும் சொற்களின் முதலெழுத்துகள் அவை! கலகம் செய்து நாடு பிடித்தவன் தன் காசில் கவிதையை அடித்திருக்கிறான். மூன்று எழுத்தைப் பார்த்தால் அதிகாரி ஞாபகம் வருவது எக்காலத்துக்கும் பொது போலிருக்கிறது.

தலைக்கவசத்தின் கதை வேறு. அது மே மாதத்தில், கம்ப்ரியாவில் கிராஸ்பி காரெட் என்ற கிராமத்தருகே அகப்பட்டது. வெண்கலம். போருக்கானதல்ல. குதிரைப்படையினர் விசேஷ நாட்களில் இப்படிப்பட்டவற்றை அணிந்து பாசாங்குப் போர் நடத்தியதை அர்ரியன் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறான். மீசையில்லாத ஒரு வாலிபனின் முகமூடி, சுருட்டை முடி, உச்சியில் கழுகுத் தலையும் சிங்க உடலுமாக ஒரு கிரிஃபின். இது ஏலக் கூடத்தில் கண்ட தோற்றம். மண்ணில் அது 67 துண்டுகள். முகமூடி கவிழ்ந்து கிடந்தது. கவசத் தகட்டைப் புதைக்குமுன் மடித்திருந்ததாகத் தெரிகிறது. யார் மடித்தார்கள், எதற்கு? கவசத்தின் சரித்திரம் அந்த மடிப்பில்தான் இருந்தது. கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி மடிப்பை நிமிர்த்தி, ஒட்டி, பொத்தலை அடைத்து, அழகான முகத்தை எடுத்துக் கொடுத்தது. அதற்கு முன் முழு விஞ்ஞானப் பரிசோதனைக்கு அவகாசம் கேட்டும் கிடைக்கவில்லை. 3 லட்சம் பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அக்டோபர் 7ஆம் தேதி 22,81,250 பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர் பெயர் வெளியே வரவில்லை. பணம் திரட்டிக்கொண்டு போன கார்லைல் மியூஸியம் வெறுங்கையோடு திரும்பியது. 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி தனியாகக் கிடைக்கிற வெண்கலப் பொருள் புதையலே அல்ல. 2023இல்தான் அதைத் திருத்தினார்கள். பானைக்கு ஸாமர்செட் மியூஸியம் கொடுத்தது 3,20,250 பவுண்டு, கவசத்தின் விலையில் ஏழில் ஒரு பங்கு.

இதனால் சேகரிப்பாளர்களை வைதுவிட்டுப் போய்விடலாம் என்றால், நம் ஊர் ஆறுகள் குறுக்கே வருகின்றன. கரூரில் அமராவதி மணலிலும் மதுரையில் வைகை மணலிலும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் அகப்பட்டன. தேய்ந்த சல்லிகள். எடைக்குப் போய் உருகவேண்டியவை. அவற்றைத் தேடி வாங்கி, வகை பிரித்து, 1994இல் ஆங்கிலத்தில் புத்தகமாக்கியவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. ஆற்று மணலில் அடுக்கு ஏது? வெள்ளம் கலைத்த பிறகு மனிதன் கலைக்க மிச்சமில்லை. அங்கே சேகரிப்பாளன் காப்பாற்றுகிறவன். அதே ஆள், அதே ஆசையோடு, ஃப்ரோமில் பானையைக் கவிழ்த்திருந்தால் 52,503 காசுகளும் பத்திரமாக இருந்திருக்கும். கொட்டிய வரிசை போயிருக்கும்.

1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேஸியன் வரை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சக்கரவர்த்தியின் முகத்தில் உளி வெட்டு. உள்ளே மட்டமான உலோகமா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கட்சி. சோதிக்க எந்தப் பக்கமும் போதுமே, முகத்தையே ஏன் தேடவேண்டும்? கள்ள நோட்டு வந்தால் நாங்கள் முத்திரை குத்தி நிறுத்திவைக்கிறோம். இனி இது கைமாறாது என்று அர்த்தம். அந்த உளியும் அப்படித்தான் பேசியது என்று நான் நினைக்கிறேன். பொன்னை எடுத்துக்கொண்டு, ராஜாவின் தலையைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். இது பிடிக்காதவர்கள் வேறு காரணம் சொல்லட்டும். காரணம் தேடுவதற்கு வெட்டு இருக்கிறது.

காசு வியாபாரிகளின் பட்டியலில் முகம் முழுதாக உள்ள டைபீரியஸுக்கு நல்ல விலை. வெட்டுப்பட்டவன், முகப்பில் பழுது என்ற குறிப்போடு, அதைவிடக் குறைத்துப் போகிறான்.