ஒரு கலமும் இரு பெயர்களும்

சோடாப் புட்டியைத் திறந்ததும் வாயு சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் வடமேற்கில் உள்ள ஆஸ்தி வட்டாரத்து வெள்ளை மதுவிலும் அதே கரியமில வாயுதான் நுரைக்கிறது. ஆனால் அதை யாரும் வெளியிலிருந்து செலுத்துவதில்லை. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் சிதைக்கும்போது அது தானே உண்டாகிறது.

1865-இல் கார்லோ கான்ச்சா என்பவர் பிரெஞ்சு முறைப்படி இம்மதுவைப் புட்டிக்குள்ளேயே நொதிக்க வைத்தார். உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்தாறு மடங்கு ஏறக்கூடும். சர்க்கரை மிகுந்த சாறு, உயிருள்ள ஈஸ்ட், மெல்லிய கண்ணாடி! புட்டிகள் வெடித்துச் சிதறின.

இதற்கு வழி கண்டவர் ஆஸ்தி மது ஆய்வு நிலையத்தின் தலைவர் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி. நூற்றுக்கணக்கான புட்டிகளுக்குப் பதிலாக ஒரே பெரிய மூடிய கலத்தில் நொதிக்கச் செய்யும் முறைக்கு 1895-இல் காப்புரிமை பெற்றார். 1907-இல் பிரான்சின் யூஜீன் ஷார்மா அக்கலத்தைச் செம்மைப்படுத்தினார். உலகம் அவர் பெயரையே முறைக்குச் சூட்டிவிட்டது!

இன்று எஃகுக் கலத்தை நடுவில் குளிர்விக்கிறார்கள். ஈஸ்ட் ஓய்கிறது, வடிகட்டி நீக்குகிறார்கள். குளிர்ந்த திரவத்தில் வாயு மிகுதியாகக் கரையுமாதலால் நுரையும் தங்குகிறது. சர்க்கரை மிஞ்சுகிறது, சாராயச் சத்து குறைவு.

ஆகவேதான் கிறிஸ்துமஸ் நாளில் பனெத்தோனே என்னும் இனிப்பு ரொட்டிக்கு இதைத் துணையாக்குகிறார்கள். இனிப்பைத் தின்றபின் காப்பி கசப்பதை நீங்கள் அறிவீர்கள். இனிப்பற்ற மதுவும் அவ்வாறே புளித்துத் தோன்றும்.

இத்தாலியர் இன்று இம்முறையை மார்த்தினோத்தி–ஷார்மா முறை என்கிறார்கள். அதுவே நியாயம் அல்லவா?