நாடி பிடித்த மூன்று விரல்கள் முதல் கைக்கடிகாரம் வரை

தேவாரம், கோம்பை, போடி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் "வயசாயிருச்சு" என்பார்கள். நெஞ்சு படபடத்தால் "காலையில சாப்பிடல, அதான்" என்பார்கள். இப்படிச் சொல்லிக் கடந்து போன படபடப்பில் எத்தனை உண்மையான இதய நோயாக இருந்திருக்கும்?

இன்று சில ஆயிரம் ரூபாய்க் கைக்கடிகாரமே இதயத்துடிப்பை எண்ணிச் சொல்கிறது. இன்னும் விலை கூடியது, துடிப்பு ஒழுங்கு தவறினால் எச்சரிக்கிறது. உடம்புக்குள் ஒளிந்திருக்கும் நோயை முன்கூட்டியே சொல்லும் இந்தக் கருவி ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதன் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மணிக்கட்டில்தான் நோய் தெரியும் என்பது நம் ஊருக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியர் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பார். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது வழக்கம். அந்த முறை எவ்வளவு சரி என்ற விவாதம் இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. நாடியில் என்ன தெரிந்தது என்பது வைத்தியரின் விரலுக்கு மட்டுமே தெரியும். அதை எழுதி வைத்து, அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க எண் எதுவும் கிடையாது.

அந்த எண்ணைத் தேடியவர்கள் ஐரோப்பியர்கள். 1600-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சாண்டோரியோ, ஊசல்குண்டின் கயிற்றை நீட்டிக் குறைத்து நாடியோடு ஒத்துப்போகச் செய்து, கயிற்றின் நீளத்தை வைத்து நாடியை அளந்தார். இங்கிலாந்தின் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவர் ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தையே தனியாகச் செய்யச் சொன்னார். அதை வைத்து நாடியை எண்ணுவது பற்றி அவர் எழுதிய நூல் 1707-இல் வெளிவந்தது. ஆக, கடிகாரத்துக்கும் நாடிக்கும் உள்ள உறவு 300 வருடப் பழசு!

அடுத்த பெரிய படி இ.சி.ஜி. நெதர்லாந்தின் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவி சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்ப் பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இ.சி.ஜி.க்கு ஒரு குறை உண்டு. அது எடுக்கும் சில விநாடிகளில் இதயம் செய்வதை மட்டுமே அது பார்க்கும். சில கோளாறுகள் நாளில் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்ததும் எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஒளிந்து விளையாட்டுக்கு முடிவு கட்டியவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலனா என்ற சிறிய ஊரைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற விஞ்ஞானி. மனிதன் படுத்திருக்கும்போது இதயம் எப்படி இருக்கிறது என்பதை விட, நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அவர் நினைத்தார். 1940-களின் பிற்பகுதியில் இதயத்தின் மின்துடிப்பை வானொலி அலை வழியாக அனுப்பும் கருவியைச் செய்து, முதுகில் கட்டிக்கொண்டு சோதித்தார். எடை 38 கிலோ! ஏலக்காய் மூட்டை சுமப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சுருங்கியது. 1961-இல் அவர் தன் முறையை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார. இன்று "24 மணி நேரம் ஹோல்டர் மாட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்வது இவர் பெயரைத்தான். உடம்பில் அணிந்துகொண்டு ஊரைச் சுற்றலாம், நோய் வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு மூலம் ஜப்பானில். நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அயோகி என்ற பொறியாளர், ரத்தத்தில் சாயம் கலந்து, காதின் வழியே ஒளியைச் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். ஒவ்வொரு துடிப்புக்கும் அளவு ஏறி இறங்கித் தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையை நீக்கப் பார்த்தவருக்கு ஒன்று புலப்பட்டது: ஏறி இறங்குவது தமனி ரத்தம் மட்டும்தான். அப்படியானால் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாமே! வேண்டாம் என்று ஒதுக்கியதே விடையாகிவிட்டது. 1974-இல் பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டரின் கதை இதுதான். பல கைக்கடிகாரங்களின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அதுவும் துடிப்புக்குத் துடிப்பு மாறும் ரத்த ஓட்டத்தை ஒளியால் பார்க்கும் வேலைதான்.

அயோகி 2020 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டில்தான் அவர் கருவி நம் தெருவுக்கெல்லாம் வந்தது. கொரோனாவில் சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கியது. செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு விரலில் மாட்டிப் பார்த்தால் 80 காட்டியது. "94-க்குக் கீழே போனா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பது படிக்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆனது. நம் மக்கள் ஓர் எண்ணை நம்பி, நோய் முற்றும் முன் கிளம்பியது இவ்வளவு பெரிய அளவில் முன்பு நடந்ததா என்பது சந்தேகம்தான். அந்த ஆண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் சுகாதாரத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்சான் என்ற நிறுவனமும் சேர்ந்து உடல் வெப்பம், ஆக்சிஜன், மூச்சு, இதயத்துடிப்பு நான்கையும் தொலைவிலிருந்து கண்காணிக்கும் அணிகருவியைக் கொண்டு வந்தன.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆக்சிமீட்டர் "நன்றாக இருக்கிறது" என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. தோலின் நிறம் ஒளியைக் குழப்புகிறது. வெயிலில் கருத்த நம் ஊர்க் கைகளுக்கும் இது பொருந்தும் விஷயம்.

கைக்கடிகாரத்துக்கு வருவோம். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் வயர் இல்லாமல் இதயத்துடிப்பு காட்டும் கருவியை ஓட்டப்பந்தய வீரர்களுக்காகக் கொண்டு வந்தது. 2018-இல் ஆப்பிள் கடிகாரம் இ.சி.ஜி.யே எடுத்தது. ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். துடிப்பு ஒழுங்காக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். அவர்களில் தபாலில் வந்த இ.சி.ஜி. பட்டையை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் அந்த நோய். ரத்தம் தேங்கி உறையும். உறைந்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். மேல்நாடுகளில் இதைப் பெரும்பாலும் முதியோர் நோய் என்பார்கள். நம் நாட்டில் இளவயதிலும் நிறையப் பேருக்கு வருகிறது. சிறுவயதில் தொண்டை வலியாக வந்து, சரியாக மருந்து எடுக்காமல் விட்டு, ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைச் சுருக்கியிருக்கும். முப்பது வயதில் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். "காலையில சாப்பிடல, அதான்."

அப்படியானால் தேவாரத்திலிருந்து ஜீப் ஏறுபவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிகாரம் கட்டிவிட்டால் போதுமா? செடியின் அடியில் குனிந்து நாள் முழுக்கக் காய் எடுக்கும் கை ஆடிக்கொண்டே இருக்கும். மழையும் மண்ணும் வேறு. கை ஆடினால் இந்தக் கருவிகள் குழம்பும். சரி, சரியாகவே எச்சரித்தாலும் யாரிடம் காட்டுவது?

தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கருவி சாதாரணமானது. ஆனால் எண் கூடினால் உடனே மாத்திரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வழி இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இல்லாதது இதுதான். நல்ல திட்டம் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால், பகலில் கதவைத் தட்டும்போது அந்தப் பெண் வீட்டில் இருக்க மாட்டாள், மலைமேல் இருப்பாள். வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 ஜனவரியில் வந்தது. ஆனால் இவர்கள் வேலை செய்யும் இடம் அடுத்த மாநிலம்!

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். மலையில் நெஞ்சைப் பிடித்தவர் அந்த மாத்திரைக்காகக் கீழே வர வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டித்தான் 2004-இல் வந்த தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவாரத்துக்காரர்கள் சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்ததற்குத் தோட்ட வேலை மட்டும்தான் காரணம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.